வெயிலில் வேலை செய்யும் மருந்து

என் வயதுக்காரர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். நாம் சிறுபிள்ளைகளாக இருந்தபோது யாரும் வெயிலைக் கண்டு பயந்ததில்லை. முகத்தில் பூசக் களிம்பு கிடையாது, கறுப்புக் கண்ணாடி கிடையாது. "வெயில்ல ஆடாதே, கறுத்துப் போயிடுவே" என்பார்கள், அவ்வளவுதான். ஒரு கோடை விடுமுறையில் என் வீட்டில் மட்டும் நேர்மாறாகச் சொன்னார்கள். கறுக்க வேண்டும் என்பதற்காகவே என்னை வெயிலில் நிற்க வைத்தார்கள். அந்தக் கோடையைப் பற்றி இதுவரை நான் எழுதியதில்லை. சம்பந்தப்பட்ட பெரியவர்களில் அநேகமாக யாரும் இப்போது இல்லை. இருப்பவள் ஒருத்திதான். அவள் இதைப் படிக்கப் போவதில்லை.

மலையாள தேசத்தில், கரமனையில் ஆற்றுக்குப் போகும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. அப்பா சர்க்கார் ஆபீசில் ஹெட் கிளார்க். எனக்கு மேலே ஒரே அக்கா, பிரீடிகிரி முடித்துவிட்டு வரன் பார்க்கக் காத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நடுவில் நின்றுவிட்டது. என் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் தாடைக்கு மேலே கன்னத்தை அழுத்தித் தேய்த்தாள். சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாள் போலிருக்கிறது. தேய்க்கத் தேய்க்க அந்த இடம் சிவந்தது, பிறகு மறுபடி வெளுத்தது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். முழங்காலில் இன்னொன்று இருந்ததை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தோம்.

மலையாளத்தில் அதைப் பாண்டு என்பார்கள். தமிழில் அதற்கு அப்போது இருந்த பெயர் வெண்குஷ்டம். குஷ்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அது ஒட்டிக்கொள்ளாது, வலிக்காது, உயிரை எடுக்காது. ஆனால் பெயரிலேயே குஷ்டத்தை வைத்துவிட்டார்களே, பிறகு எந்த டாக்டர் என்ன சொல்லி என்ன? அடுத்த வாரமே பக்கத்து வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளர் தனியாக வந்துவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் போனால் அந்த டம்ளரில்தான் தண்ணீர் வரும்.

யாரோ சொன்னார்கள் என்று என் சாப்பாட்டில் புளிப்பை நிறுத்தினாள் அம்மா. தயிர் இல்லை, ரசம் இல்லை, எலுமிச்சை இல்லை. மாங்காய்ப் பருவம் அது. கூடத்தில் வைக்கோல் பரப்பி மாம்பழம் பழுக்க வைத்திருந்தார்கள். வீடு முழுக்க அந்த வாசனை. நான் புளி சேர்க்காத கூட்டைச் சாதத்தில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டு, அக்கா கொட்டையைச் சப்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். புளிப்புக்கும் தோலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று பின்னாளில் எத்தனையோ டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த வருஷத்து மாம்பழம் போனது போனதுதான்.

கடைசியில் அப்பா என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். தோல் டாக்டர் ஒரு பெண், மலையாளி. வெள்ளைப் புடவை, கண்டிப்பான முகம். என் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். அந்த ஒரு மாதத்தில் வீட்டுக்கு வெளியே என்னைத் தொட்ட முதல் ஆள் அவள்தான். ஒரு சின்னப் பழுப்புக் குப்பியை எழுதிக்கொடுத்து, தனக்குத் தெரிந்த தமிழையும் மலையாளத்தையும் கலந்து அப்பாவிடம் விளக்கினாள்.

"இது தனியே ஒண்ணும் செய்யில்லா. வெயில் பட்டால்தான் மருந்து வேலை செய்யும். ஸ்பிரிட்டில் நல்லா கலக்கி நேர்ப்பிச்சு, வெள்ளை இருக்கிற இடத்தில் மட்டும் தொடணும். காலை வெயிலில் ஒரு மினிட்டு மதி, அவ்வளவு போதும். உடனே கழுவி மூடிக்கணும். நேரம் கூட்டணுமெங்கில் ஞான் பறையும். நீங்களாய்க் கூட்டண்டா."

"கொஞ்சம் கூடினா என்ன ஆகும் டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

"வெந்து போகும்" என்றாள்.

அப்பா தலையாட்டினார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்து, வெள்ளை தெரியும் கன்னம் வெளிப்பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். உள்ளே இருப்பவர்கள் பார்க்கக் கூடாதே.

மருந்து போடும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். என் வாழ்நாளில் அவளை நான் மிகவும் நேசித்த நாட்கள் அவை. காலைச் சூரியன் எங்கள் தெருவில்தான் விழும். வாசலில் நின்றால் காரியம் முடிந்தது. ஆனால் தெரு பார்க்கும் என்று அம்மா விடவில்லை. அதனால் பின்கட்டுக் கிணற்றடியில், பக்கத்து வீட்டுப் பலாமரத்தைத் தாண்டி வெயில் வரும்வரை இருவரும் துவைகல்லில் உட்கார்ந்து காத்திருப்போம். அக்கா முதலில் வெள்ளையைச் சுற்றி ஒரு பசையால் கோலம் இழுப்பதுபோல் எல்லை கட்டுவாள். நல்ல தோலில் மருந்து படக் கூடாது. பிறகு தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் கலந்த மருந்தைத் தொட்டு வைப்பாள். சில்லென்று இருக்கும். ஊசி போடும் இடத்தின் வாசனை வரும். கடிகாரம் அப்பா கையில் ஆபீசுக்குப் போய்விடும் என்பதால், ஒரு பல்லவியை இரண்டு தரம் மெதுவாகப் பாடுவாள். அதுதான் எங்கள் நிமிஷம். பாடி முடித்ததும் வாளித் தண்ணீரால் கழுவி, துண்டால் என் முகத்தை மூடி உள்ளே இழுத்துக்கொண்டு ஓடுவாள். இருவரும் சிரிப்போம்.

சில வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் பஞ்சை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"எடீ, அசையாதே. அனங்காம நில்லு." மூக்கு என் கன்னத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். "அம்மா! ஓடி வாயேன்! கடுகு தெளிச்ச மாதிரி வந்திருக்கு!"

வெள்ளைக்கு நடுவே பழுப்புப் புள்ளிகள். மிகச் சின்னவை. முடி முளைக்கும் துளைகளிலிருந்துதான் நிறம் திரும்பத் தொடங்கும் என்று டாக்டர் பிறகு சொன்னாள். அம்மா கிணற்றடியிலேயே நின்று அழுதாள். அக்கா ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். என் தோலின் பழைய நிறத்தை அவ்வளவு ஆசையாக நான் பார்த்தது கிடையாது. டாக்டரும் சந்தோஷப்பட்டாள். "இப்படியே போனால் போதும், திருதி வேண்டா" என்றாள். அவசரம் வேண்டாம் என்று அர்த்தம்.

அவசரம் திருநெல்வேலியிலிருந்து வந்தது. பாங்கில் வேலை பார்க்கும் பையனுக்காக அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி. அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சின்னவ ரெண்டு மூணு வாரம் பொன்முடியில மாமாவாத்துல இருக்கட்டும்."

"அப்போ மருந்து?" என்று அம்மா கேட்டாள்.

"குப்பியைக் கொடுத்துவிடு. அங்கே மட்டும் வெயில் இல்லையா என்ன?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

அம்மாவின் அண்ணா பொன்முடியில் தேயிலை எஸ்டேட்டில் கணக்கர். வளைவு வளைவாக ஏறும் பஸ்ஸில் இரண்டு முறை வாந்தி எடுத்து, அந்தக் குளிரில் போய் இறங்கினேன். அங்கே வெயில் இல்லை. அப்பா அந்த மலைக்கு அதுவரை போனதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. காலையில் எழுந்தால் வாசலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது, எல்லாம் மூடுபனி. மாமி நல்லவள்தான். தினமும் மருந்தைத் தொட்டு வைத்து என்னோடு முற்றத்தில் வந்து நிற்பாள். இருவரும் வானத்தைப் பார்த்து நிற்போம். சட்டென்று கொஞ்சம் வெளுக்கும், மறுபடி புகை மாதிரி வந்து மூடிக்கொள்ளும். "நாளைக்கு வரும்" என்பாள் மாமி. கன்னம் ஈரமாகவே இருக்கும்.

ஒரு நாள் கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையோடு அந்த வழியாகப் போனார்கள். அதில் ஒருத்திக்கு இரண்டு கையும் முழங்கைவரை வெள்ளை. உதட்டிலும் வெள்ளை. தலையில் சாக்கைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் வந்தவளோடு உரக்கச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். கிட்டே வந்து தன் கையை என் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பாத்தியா பாப்பா, நீயும் நானும் ஒரே சாதி" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மாமி ஓடிவந்து என்னை உள்ளே இழுத்துப்போய் வெந்நீரில் குளிப்பாட்டினாள். "அவா சொல்றதெல்லாம் நீ கேட்டுண்டு நிக்காதே" என்றாள். அந்தப் பெண்ணை அடுத்து வந்த நாட்களில் எல்லாம் தேடினேன். அவள் வேறு மலைக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்தபோது நிச்சயம் முடிந்திருந்தது. கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை, ஆடி பிறக்கும் முன் முடிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். "சின்ன பொண்ணு மாமாவாத்துக்கு லீவுக்குப் போயிருக்கா" என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்தில் என்னை எங்கே ஒளிப்பது? அதனால் அதற்குள் கன்னம் சரியாகிவிட வேண்டும்.

அக்கா இனி கிணற்றடிக்கு வரக் கூடாது என்றாகிவிட்டது. கல்யாணப் பெண் வெயிலில் நின்றால் கறுத்துப் போவாளாம். அவளுக்குக் கடலைமாவும் பாலாடையும் பூசி உள்ளறையில் உட்கார வைத்தார்கள். மருந்துப் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார், அதற்காக லீவு போட்டார். அவர் எங்களைப் போல் காலை வெயிலுக்குக் காத்திருக்கவில்லை. உச்சி வெயிலில் என்னை அழைத்துப்போனார். ஸ்பிரிட்டில் கலக்காமல் குப்பியிலிருந்தே பஞ்சில் எடுத்தார்.

"அப்பா, அக்கா கலந்துதான் போடுவா."

"அதான் இத்தனை நாளாறது. பலிக்கறதுன்னு டாக்டரே சொல்லியாச்சு. பலிக்கற மருந்தைச் சொட்டுச் சொட்டாப் போடுவாளா?"

என்னை நடுவெயிலில் நிற்க வைத்துவிட்டு அவர் பலாமர நிழலில் நின்றார். அன்று பாட்டு இல்லை. கால் சுட்டது, மாற்றி மாற்றி வைத்து நின்றேன். பந்தல்காரர் வந்து கூப்பிட, வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "அப்பா, போதுமா?" என்றால், "கொஞ்சம் பொறுத்துக்கோ, அக்காவுக்காக" என்பார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலத்தான் சொன்னார்.

அந்த மருந்து உடனே சுடாது. அதுதான் அதன் குணம். அன்று சாயங்காலம் கன்னம் லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அப்பா வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "ஒண்ணும் ஆகலையே" என்று அம்மாவிடம் சொன்னார். அதனால் மறுநாளும் நிற்க வைத்தார். அதற்கு அடுத்த நாள் விடியும்போது என் வலது கண் திறக்கவில்லை. கன்னம் முழுக்க அப்பளம் போல் கொப்புளம். முழங்காலில் பாவாடை ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதை நனைத்து நனைத்துப் பிரித்தபோது நான் போட்ட சத்தத்துக்கு, உள்ளறையிலிருந்து முகத்தில் காய்ந்த மாவோடு அக்கா ஓடிவந்தாள். என்னைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் அப்பாவை உட்காரச் சொல்லவே இல்லை. "ஞான் பறைஞ்சதல்லே?" என்று மட்டும் கேட்டாள். நான் சொன்னேனா இல்லையா? குப்பியை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். அதை நான் பிறகு பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு என் கன்னத்தில் கட்டோடு போனேன். யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை, மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரே பதில் தயாராக இருந்தது. "வெந்நீர் கொட்டிடுத்து. கல்யாண அவசரத்துல அடுக்களையில ஓடினா, பாவம்." பிள்ளை வீட்டார் உச்சுக்கொட்டினார்கள். மாப்பிள்ளை, அதாவது என் அத்திம்பேர், மாலையும் கழுத்துமாக இருந்தபடியே என்னைக் கூப்பிட்டு, "எரியறதா?" என்று கேட்டார். தூரத்தில் அப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. அந்த வயதில் எனக்கு அது புரியவில்லை. அம்மாதிரிக் கட்டு எந்த வெள்ளையையும் மூடிவிடும் அல்லவா? வெந்து போன பெண் அவருக்குச் சௌகரியமாகிவிட்டாள்.

புண் ஆறியது. ஆறிய இடமெல்லாம் வெள்ளையாக வந்தது. கடுகுப் புள்ளிகள் இருந்த இடமே தெரியவில்லை. கன்னத்தில் பாதி, காதுக்குக் கீழே, கழுத்துவரை. வெந்த தோலில் அந்த வெள்ளை பரவும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அப்போதும் டாக்டருக்குத் தெரிந்திருக்கும்.

தலைதீபாவளிக்கு அக்காவும் அத்திம்பேரும் வந்தார்கள். எங்கள் ஊர்ப் பெரிய கோயிலில் தரிசனம் செய்ய வேண்டும் என்று, வழக்கமில்லாத வழக்கமாக அக்காவின் மாமியாரும் கூட வந்தார். என்னைப் பின்கட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த அம்மாள் கைகழுவப் பின்கட்டுக்குத்தான் வர வேண்டும். வந்தார். பார்த்தார். என்னைக் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்து வந்தார்.

"இது வெந்நீரா?"

"வெந்நீர்தான், ஆறி வரச்சே இப்படி ஆயிடுத்து" என்றாள் அம்மா.

"உங்களைக் கேக்கலை. நீ சொல்லு கொழந்தே."

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு யாரும் இதைப் பற்றி எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"மருந்து போட்டு வெயில்ல நின்னேன், மாமி. முதல்ல இத்துனூண்டுதான் இருந்தது."

அந்த அம்மாள் கத்தவில்லை. அப்பாவிடம் திரும்பி, "இருக்குன்னு சொல்லியிருந்தா நாங்க ஆத்துல பேசியிருப்போம்" என்றார். "வேண்டாம்னு சொல்லியிருக்கலாம், சரின்னும் சொல்லியிருக்கலாம். வெந்நீர்னு சொன்னேளே. இனிமே நீங்க சொல்றதுல எதை நம்பறது?"

அன்று சாயங்காலமே தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேறிவிட்டார்கள். பலகாரம் சம்படத்தில் அப்படியே இருந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா என் பக்கம் குனிந்தாள். ஏதோ ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உனக்கு வாயை மூடிண்டு இருக்கத் தெரியாதா?" என்றாள்.

பிரசவத்துக்கு அவளை அனுப்பவில்லை. அம்மா தன் பேரனை முதலில் பார்த்தபோது அவன் நடந்துகொண்டிருந்தான். அத்திம்பேர் நல்ல மனிதர், வெகுநாள் கழித்து ஒருமுறை என்னிடம் சொன்னார், பாண்டுக்காக அவர் அந்தக் கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாராம். யாரும் அவரைக் கேட்கவில்லையாம். அவர் சொன்னது உண்மையா, என் மனசுக்காகச் சொன்னாரா, தெரியாது. அப்பா சாகும்வரை என்னோடு அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லமாட்டேன். ஊருக்குப் பயந்தவர். அந்தப் பயத்தைத்தான் அவர் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். நிழலில் நின்றுகொண்டு பொறுத்துக்கொள்ளச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு வரன் எதுவும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். வெள்ளை மெல்ல மெல்லப் பரவி, ஐம்பது வயதுக்குள் உடம்பு முழுவதையும் எடுத்துக்கொண்டது. இப்போது பழைய நிறம் ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள், "மாமிக்கு எந்தொரு நிறம்!" என்று என் வெளுப்பை வியக்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன்.

அக்கா இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறாள். அத்திம்பேர் போன பிறகு என்னோடு கொஞ்சம் பேச ஆரம்பித்திருந்தாள். போன வருஷம் ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டாள். பேத்திக்கு முழங்கையில் வெள்ளை. பள்ளிக்கூடம் படிக்கிற குழந்தை. களிம்பு ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதைத் தடவிச் சற்று நேரம் கழித்து, வீட்டிலேயே ஒரு சின்ன விளக்கைக் காட்ட வேண்டும். எவ்வளவு நேரம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார். நம் காலத்து வெயில் இப்போது கைக்கு அடக்கமான பெட்டியில் வந்துவிட்டது.

"பாட்டி இன்னும் கொஞ்ச நேரம் காட்டு, காட்டுன்னு சொல்லிண்டே இருக்கா" என்று குழந்தை திரைக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னது. "அம்மா ஆபீஸ் போனப்புறம் பாட்டிதான் விளக்கைப் பிடிச்சுக்கறா."

"அக்கா, டாக்டர் சொன்னதுக்கு மேல ஒரு நொடிகூடக் காட்டாதே. நீ பார்த்தவதானே? என் கன்னத்தை நீ பார்த்தவதானே?" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் கத்தினேன்.

அவள் குழந்தையை உள்ளே போகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அது வளர்ந்து நாளைக்கு ஒரு இடத்துக்குப் போக வேண்டிய பொண்ணுடி. உனக்கு அதெல்லாம் ஆகலை. உனக்கு எப்படிப் புரியும்?"

பெற்ற தாயும் தகப்பனும் ஊரும் எனக்குச் செய்தது எதுவும் அந்த ஒரு வாக்கியம் போல வலிக்கவில்லை. போனை வைத்தேன். அன்று மத்தியானமே அக்காவின் மருமகளை ஆபீசில் கூப்பிட்டு, இங்கே உங்களுக்குச் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். சாயங்காலமே விளக்கைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தானே வைத்துக்கொண்டாளாம். இப்போது காலையில் அவளே காட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள்.

அக்கா அதன் பிறகு என்னோடு பேசவில்லை. மருமகள்தான் அவ்வப்போது செய்தி அனுப்புகிறாள். நிறம் திரும்புகிறது, டாக்டர் சந்தோஷப்படுகிறார் என்று எழுதியிருந்தாள். ஒரு படம் அனுப்பேன் என்று கேட்டேன். மாமியாரும் கணவரும் படம் மட்டும் வேண்டாம் என்கிறார்கள், யார் கைக்காவது போய்விடும் என்று பயப்படுகிறார்கள் என்று பதில் வந்தது.

நன்றாக இருக்கிறது என்கிறாள். நான் பார்த்ததில்லை.